பிரேக் பெடலுக்குள்ள ஒரு பாஸ்கல்

போன மே மாசம் ஏற்காட்டுல இருந்து சேலத்துக்கு இறங்கிட்டு இருந்தோம். எங்க வீட்டு கார் என்னைவிட வயசுல மூத்தது. அப்பா ஓட்டினார், அம்மா முன் சீட்டு, நானும் பாட்டியும் பின்னாடி. பாதி கொண்டை ஊசி வளைவு தாண்டியிருப்போம். அடுத்த வளைவுக்கு முன்னாடி அப்பா பிரேக்கை மிதிச்சார். பெடல் இறங்கவே இல்லை. தரையில பதிச்ச கல்லை மிதிச்ச மாதிரி அப்படியே நின்னுச்சு. இடது காலையும் சேர்த்து வச்சு அழுத்தினார். செகண்டுல இருந்து ஃபர்ஸ்ட் கியர், ஹேண்ட் பிரேக், சுவரோரம். வண்டி எப்படியோ நின்னுடுச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகலை. பாட்டி மட்டும் நடந்தது எதுவும் தெரியாம ஏரியில பார்த்த படகைப் பத்தியே பேசிட்டு இருந்தாங்க.

ஊருக்கு வந்ததும் ஒரு பட்டறையில காட்டினோம். மாஸ்டர் சிலிண்டர் போயிடுச்சுன்னு மாத்தினாங்க. பெடல் அப்படியே கல்லாவே இருந்தது. அப்புறம் பிரேக் பேட் மாத்தினாங்க. அப்பவும் அதே கல். ராத்திரி சாப்பிடும்போது அப்பா என்னைப் பார்த்துக் கேட்டார்: நாலு வருஷமா மெக்கானிக்கல் படிக்கிறியே, இதுல என்னதான் கோளாறா இருக்கும்? என்கிட்ட பதில் இல்லை. பாஸ்கல் விதியை எழுதச் சொன்னா இரண்டு மார்க்குக்கு அழகா எழுதிடுவேன். பெடல் ஏன் கல்லாச்சுன்னு சொல்லத் தெரியலை.

அந்த வெட்கத்துலதான் பாஸ்கலைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன். படிச்சு முடிச்சப்போ இரண்டு விஷயம் புரிஞ்சது. ஒண்ணு, நாம மிதிக்கிற பிரேக்குல பாதி இல்லை, முழுசுமே அந்த மனுஷன் வேலை செஞ்ச இரண்டு விஷயங்கள்லதான் ஓடுது. இரண்டாவது, எங்க காருக்குத் தேவைப்பட்டது புது பார்ட் இல்லை, அவர் ஒரு மலையில செஞ்சு பார்க்கச் சொன்ன மாதிரி ஒரு சோதனை. அதான் இந்தக் கட்டுரை. நீங்க எந்த டிபார்ட்மென்ட்டா இருந்தாலும் பரவாயில்லை, கொஞ்சம் கூட வாங்க.

கணக்கு படிக்கக் கூடாதுன்னு வளர்ந்த பையன்

ப்ளேஸ் பாஸ்கல் 1623 ஜூன் 19 அன்று பிரான்ஸ் நாட்டின் நடுப்பகுதியில், கிளெர்மோன் என்ற ஊரில் பிறந்தார். சுற்றிலும் அணைந்துபோன எரிமலைகள் இருக்கிற ஊர் அது. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, அதுல ஒரு மலை பின்னாடி வரப்போகுது. அப்பா எத்தியேன் பாஸ்கல் வரி நீதிமன்றத்தில் அதிகாரி, நல்ல கணித அறிவு உள்ளவர். பையனுக்கு மூணு வயசு இருக்கும்போதே அம்மா இறந்துட்டாங்க. அக்கா ஜில்பெர்த், தங்கை ஜாக்லீன், நடுவில் இவர். 1631-ல் அப்பா மூணு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பாரிஸுக்குக் குடிபோனார்.

பாஸ்கல் ஒரு நாள்கூட பள்ளிக்கூடம் போனதில்லை. அப்பாதான் வாத்தியார். அந்த வாத்தியார் ஒரு விசித்திரமான சிலபஸ் போட்டார்: முதலில் மொழிகள், கணக்கு பிறகுதான். கணக்கில் ருசி கண்டுவிட்டால் பையன் மற்றதை விட்டுடுவான் என்ற பயம். வீட்டில் இருந்த கணக்குப் புத்தகங்களை எல்லாம் பூட்டி வைத்தார். நம்ம வீட்டுல எல்லாம் இதுக்கு நேர் எதிரா நடக்கும், இல்லையா? தடை போட்டதாலேயே பையனுக்கு ஆர்வம் வந்தது. வடிவங்களைக் கரியால் தரையில் வரைந்து தானாகவே விளையாடினான். கோணம், கோடு என்ற பெயர்கூடத் தெரியாமல், ஒரு முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்தால் இரண்டு செங்கோணம் என்பதைப் பன்னிரண்டு வயதில் கண்டுபிடித்துக்கொண்டிருந்தபோது அப்பா பார்த்துவிட்டார் என்று அக்கா ஜில்பெர்த் பிற்பாடு எழுதி வைத்திருக்கிறார். அதோடு தடை போச்சு. யூக்ளிட் புத்தகம் கைக்கு வந்தது. மெர்சென் என்ற துறவியின் அறையில் பாரிஸின் பெரிய கணித அறிஞர்கள் கூடும் கூட்டங்களுக்கும் அப்பா கூட்டிப் போனார். 1640-ல், பதினாறு வயதில், கூம்பு வெட்டுகளைப் பற்றி ஒரே தாளில் ஒரு கட்டுரையை அச்சிட்டார். பெரிய தத்துவஞானி டெகார்ட் அதைப் பார்த்து, இதை ஒரு சின்னப் பையன் எழுதியிருக்க முடியாது என்று சந்தேகப்பட்டார்.

முதல் புராஜெக்ட்

இதற்கு நடுவில் குடும்பத்துக்கு ஒரு கஷ்டம் வந்தது. அரசாங்கக் கடன் பத்திரங்களுக்கு வட்டி சரியாக வராததை எதிர்த்தவர்களோடு எத்தியேன் சேர்ந்ததால், முதலமைச்சர் ரிஷ்லியூவின் கோபத்துக்கு ஆளாகி 1638-ல் தலைமறைவாக வேண்டியதாயிற்று. அடுத்த வருஷம் ரிஷ்லியூ முன்னால் நடந்த ஒரு சிறுவர் நாடகத்தில் குட்டித் தங்கை ஜாக்லீன் நடித்து, அவர் மனம் குளிர்ந்திருந்த நேரம் பார்த்து அப்பாவுக்கு மன்னிப்புக் கேட்டு வாங்கினாள். மன்னித்த ரிஷ்லியூ, எத்தியேனுக்கு ருவான் நகரத்தில் வரி வசூல் வேலையும் போட்டுக் கொடுத்தார். கலவரம் நடந்து கணக்கெல்லாம் குழம்பிக் கிடந்த ஊர் அது. அப்பா ராத்திரி பகலா உட்கார்ந்து கூட்டிக்கொண்டே இருந்தார்.

அதைப் பார்த்த பத்தொன்பது வயதுப் பையன் 1642-ல் ஒரு இயந்திரம் செய்ய இறங்கினான். பல் சக்கரங்களைச் சுற்றினால் தானாகவே கூட்டும் கழிக்கும் பெட்டி. ஒன்பதுக்கு மேல் போனால் அடுத்த இடத்துக்கு ஒன்றைத் தள்ளிவிட வேண்டும், அதுவும் ஒரே நேரத்தில் நாலைந்து இடங்களுக்குத் தள்ள வேண்டி வந்தாலும் சக்கரம் சிக்கக் கூடாது. இதுதான் கஷ்டமான இடம். சின்ன எடை ஒன்று மேலே ஏறி, சரியான நொடியில் விழுந்து, அடுத்த சக்கரத்தைத் தள்ளுகிற மாதிரி அதைத் தீர்த்தார். சரியாக வருவதற்குள் சுமார் 50 மாதிரிகள் செய்தார். ஃபைனல் இயர் புராஜெக்ட்ல மூணாவது மாடலுக்கே நாம கையைத் தூக்கிடுறோம்.

நடுவில் ருவானில் ஒரு கடிகாரக்காரர் இவர் இயந்திரத்தைக் காப்பியடித்து ஒன்று செய்தார். வெளியே பளபளவென்று இருந்தது, உள்ளே வேலை செய்யவில்லை. அதைப் பார்த்து மனம் நொந்து வேலையையே நிறுத்திவிட்டார். பிறகு பெரியவர்கள் ஊக்கம் கொடுத்துத் திரும்பத் தொடங்கினார். 1649-ல் அரசாங்கம் அவருக்கு மட்டுமே அதைச் செய்யும் உரிமையைக் கொடுத்தது. விலை அதிகம் என்பதால் பெரிதாக விற்கவில்லை. மிச்சமிருக்கும் சில இயந்திரங்கள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

காலியான இடத்தில் என்ன இருக்கு?

இப்போதான் நம்ம பிரேக் பக்கம் வரோம். இத்தாலியில் டோரிசெல்லி ஒரு வேடிக்கையைக் காட்டியிருந்தார். ஒரு பக்கம் மூடிய கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பி, விரலால் அடைத்து, பாதரசம் உள்ள கிண்ணத்தில் தலைகீழாக நிறுத்தினால், பாதரசம் முழுக்கக் கொட்டாமல் சுமார் 76 செ.மீ. உயரத்தில் நின்றுவிடும். மேலே ஒரு காலி இடம். அந்தக் காலி இடத்தில் என்ன இருக்கிறது? பாதரசத்தைத் தாங்குவது எது?

அன்றைக்குப் படித்தவர்கள் சொன்ன பதில், வெற்றிடம் என்பதை இயற்கை வெறுக்கிறது, அதனால் மேலே இருந்து ஏதோ ஒன்று பாதரசத்தை இழுத்துப் பிடித்திருக்கிறது என்பது. டெகார்ட்டுக்கு வெற்றிடமே கிடையாது, கண்ணுக்குத் தெரியாத நுண்பொருள் அங்கே நிறைந்திருக்கிறது. இன்னும் சிலர் பாதரசத்தின் ஆவி என்றார்கள்.

1646-ல் ருவானில் பாஸ்கல் இதைக் கையில் எடுத்தார். ருவானில் நல்ல கண்ணாடிப் பட்டறைகள் இருந்தன. 46 அடி நீளக் குழாய்களைச் செய்யச் சொல்லி, உடையாமல் இருக்கக் கப்பல் பாய்மரத்தில் கட்டி, ஊர் மக்கள் முன்னால் தூக்கி நிறுத்தினார். ஒன்றில் தண்ணீர், இன்னொன்றில் சிவப்பு ஒயின். நிறுத்துவதற்கு முன் கூட்டத்தைக் கேட்டார்: எது கீழே நிற்கும்? ஆவிதான் அந்த இடத்தை நிரப்புகிறது என்றவர்கள், ஒயினில்தான் ஆவி அதிகம், அதனால் அது ரொம்பக் கீழே இறங்கும் என்றார்கள். குழாயைத் திறந்தால் ஒயின் தண்ணீரைவிடக் கொஞ்சம் உயரமாகவே நின்றது. காரணம், அது தண்ணீரைவிட எடை குறைவு. முதலில் சொல்ல வை, அப்புறம் செஞ்சு காட்டு. இந்த முறை எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது.

அடுத்த வருஷம் அவர் உடம்பு மோசமானது. பதினெட்டு வயசுக்கு அப்புறம் வலி இல்லாத ஒரு நாள்கூட அவருக்கு இல்லை. 1647-ல் கால்கள் பலமிழந்து ஊன்றுகோலில் நடந்தார். சிகிச்சைக்காக ஜாக்லீனோடு பாரிஸ் வந்தபோது, செப்டம்பரில் டெகார்ட்டே வீடு தேடி வந்து பார்த்தார். வெற்றிடம் பற்றி இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஆனால் மறுநாளும் வந்து, காலையில் நிறைய நேரம் படுக்கையிலேயே இருங்க, சூப் குடிங்க என்று வைத்தியம் சொல்லிவிட்டுப் போனார்.

படுக்கையில் இருந்தபடி பாஸ்கல் யோசித்த கேள்வி எளிமையானது. பாதரசத்தை மேலிருந்து எதுவும் இழுக்கவில்லை, வெளியே இருக்கும் காற்றின் எடை கிண்ணத்தை அழுத்தித்தான் அதைத் தாங்குகிறது என்றால், மலை உச்சியில் என்ன ஆகும்? அங்கே தலைக்கு மேல் காற்று குறைவு. அப்போ பாதரசமும் இறங்கணும். வெற்றிடத்தின் மேல் இயற்கைக்கு வெறுப்பு என்றால், அது அடிவாரத்தில் ஒரு மாதிரியும் உச்சியில் ஒரு மாதிரியுமா இருக்கும்?

அவர் தானே ஏறும் நிலையில் இல்லை. அக்கா கணவர் ஃப்ளோரான் பேரியே கிளெர்மோனில்தான் இருந்தார். 1647 நவம்பரில் மச்சானுக்குக் கடிதம் போனது: பியூய் த டோம் மலைக்குப் போய்ச் செய்து பாருங்கள். வேலையும் வானிலையும் இடம் கொடுக்காமல் பத்து மாதம் ஓடியது. கடைசியில் 1648 செப்டம்பர் 19, சனிக்கிழமை, ஊரின் பாதிரிமார்களும் அதிகாரிகளும் சாட்சியாக வர, பேரியே கிளம்பினார்.

அவர் செய்ததை வரிசையாகப் பாருங்க. மடத்துத் தோட்டத்தில் ஒரே மாதிரியான இரண்டு குழாய்களை நிறுத்தி, இரண்டிலும் பாதரசம் ஒரே உயரம் என்று உறுதி செய்தார். ஒன்றை அங்கேயே விட்டு, நாள் முழுக்க அது மாறுகிறதா என்று பார்க்க ஒரு துறவியை உட்கார வைத்தார். இன்னொன்றோடு சுமார் 1,000 மீட்டர் மேலே ஏறினார். உச்சியில் பாதரசம் மூன்று அங்குலத்துக்கு மேல், அதாவது ஏறக்குறைய 8.5 செ.மீ., இறங்கியிருந்தது. நம்பாமல் ஐந்து முறை, கூரைக்குள்ளே, வெட்டவெளியில், காற்றில், பனிமூட்டத்தில் என்று மாற்றி மாற்றிச் செய்தார். அதே அளவு. இறங்கும்போது நடுவழியில் பார்த்தால் அளவும் நடுவில். கீழே வந்தால் மடத்துக் குழாய் காலையில் இருந்த இடத்திலேயே அசையாமல் நின்றிருந்தது. செய்தி கிடைத்ததும் பாஸ்கல் பாரிஸில் ஒரு தேவாலயக் கோபுரத்தில் தானும் செய்து பார்த்தார். அங்கேயும் சின்ன அளவில் அதே வித்தியாசம். இந்த யோசனையைச் சொன்னதே நான்தான் என்று டெகார்ட் பிறகு சொன்னது தனிக் கதை.

மடத்தில் உட்கார்ந்திருந்த அந்தத் துறவியின் பெயர் எந்தப் பாடப் புத்தகத்திலும் வராது. ஆனா அவர் இல்லைன்னா, அன்னைக்கு வானிலை மாறினதாலதான் பாதரசம் இறங்குச்சுன்னு யாராவது சொல்லியிருப்பாங்க. ஒண்ணை மட்டும் மாத்து, மத்ததை அப்படியே வை. எங்க காருக்கு இரண்டு பட்டறையிலயும் யாரும் செய்யாதது இதுதான்.

அதே பெட்டி, நம்ம காரில்

பானெட்டைத் திறந்தா டிரைவர் பக்கம் சுவரோட ஒட்டி, கறுப்பா ஒரு சின்ன டிரம் மாதிரி இருக்கும். அதுதான் பிரேக் பூஸ்டர். நடுவில் ரப்பர் டயஃப்ரம். பெட்ரோல் இன்ஜின் காற்றை உறிஞ்சும்போது இன்டேக் மேனிஃபோல்டில் அழுத்தம் குறையும். அங்கே இருந்து ஒரு ஹோஸ் பூஸ்டருக்கு வரும். டயஃப்ரத்தின் இரண்டு பக்கமும் அழுத்தம் குறைவாக இருக்கும். பெடலை மிதிச்சதும் ஒரு வால்வு திறந்து, உங்க கால் பக்கம் இருக்கிற அறைக்குள்ள மட்டும் வெளிக்காற்று புகும். அந்தக் காற்று டயஃப்ரத்தைத் தள்ளும்.

வேக்யூம் இழுக்குதுன்னுதான் எல்லாரும் சொல்றோம். நானும் அப்படித்தான் நினைச்சேன். ருவான்ல நின்ன கூட்டமும் அப்படித்தான் நினைச்சது. இழுக்கிறது எதுவும் இல்லை, வெளிக்காற்று தள்ளுது. கணக்குப் போடுங்க: 20 செ.மீ. விட்டமுள்ள பூஸ்டரின் பரப்பு சுமார் 314 சதுர செ.மீ. இரண்டு பக்கத்துக்கும் 60,000 பாஸ்கல் வித்தியாசம் இருந்தா, கிடைக்கிற விசை சுமார் 1,880 நியூட்டன். கிட்டத்தட்ட 190 கிலோ எடை உங்க காலுக்குத் துணையா வருது. இது இல்லைன்னா பெடல் கல்லாகாம என்ன ஆகும்?

ஏற்காடும் பியூய் த டோம் உச்சியும் கிட்டத்தட்ட ஒரே உயரம், 1,500 மீட்டரை ஒட்டி. அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. அதனால நல்லா இருக்கிற பூஸ்டர்கூட மலையில 140 கிலோ அளவுக்குத்தான் உதவும். கீழே ஊர்ல ஓரளவு சமாளிச்சுட்டு இருந்த எங்க பழைய ஹோஸ் மேலே போனதும் காட்டிக் கொடுத்ததுக்கு இதுவும் ஒரு காரணமா இருந்திருக்கலாம்.

பூஸ்டருக்கு முன்னாடி இருக்கிற மாஸ்டர் சிலிண்டர்ல இருந்து சக்கரம் வரைக்கும் பாஸ்கலின் இன்னொரு பாதி. மலைச் சோதனைக்குச் சில வருஷம் கழித்து, நீர்மங்களின் சமநிலை பற்றி ஒரு நூல் எழுதினார். தண்ணீர் நிறைந்த மூடிய பாத்திரத்தில் இரண்டு துவாரங்கள், ஒன்று மற்றதைப் போல நூறு மடங்கு பெரியது, இரண்டிலும் பிஸ்டன். சின்னதை ஒருவர் அழுத்தினால், பெரியதில் நூறு பேர் அழுத்தினால்தான் ஈடு கொடுக்க முடியும் என்று விளக்கினார். இலவசமா எதுவும் கிடைக்காது என்பதையும் சேர்த்தே சொன்னார்: சின்னது நூறு அங்குலம் நகர்ந்தால் பெரியது ஒரே ஒரு அங்குலம்தான் நகரும். உங்க காரில் மாஸ்டர் சிலிண்டர் 2 செ.மீ., காலிப்பர் பிஸ்டன் 5 செ.மீ. என்றால் விசை 6.25 மடங்காகும். அந்த நூல் 1663-ல், அவர் இறந்த அடுத்த வருஷம்தான் அச்சில் வந்தது. 1795-ல் பிரமா என்ற இங்கிலாந்துக்காரர் அதை வைத்து ஹைட்ராலிக் பிரஸ் செய்தார். காருக்கு ஹைட்ராலிக் பிரேக் வந்தது 1920-களில்.

எங்க காரை எப்படிக் கண்டுபிடிச்சோம்?

முதலில் ஒரு வித்தியாசம். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினாலோ, மெல்ல மெல்ல உள்ளே போனாலோ, கோளாறு பெரும்பாலும் திரவம் ஓடும் பக்கம்: குழாயில் காற்று, கசிவு, மாஸ்டர் சிலிண்டர். பெடல் கல்லா இருந்தா, முதலில் சந்தேகப்பட வேண்டியது காற்று பக்கம்.

சமதரையில் நிறுத்தி, நியூட்ரல், ஹேண்ட் பிரேக் போட்டு, ஒண்ணொண்ணா செஞ்சோம்.

முதல் சோதனை: இன்ஜின் ஆஃப். பெடலை ஐந்தாறு தடவை மிதிச்சு பூஸ்டர்ல மிச்சம் இருக்கிற வேக்யூமைக் காலி பண்ணணும். பெடல் இறுகினதும் லேசா அழுத்திப் பிடிச்சுட்டே இன்ஜினை ஸ்டார்ட் பண்ணணும். பூஸ்டர் சரியா இருந்தா கால் தானா கொஞ்சம் கீழே இறங்கும். எங்களுக்கு இறங்கலை.

இரண்டாவது: இன்ஜின் ஓடும்போது பூஸ்டர்ல இருக்கிற ஹோஸைக் கழற்றி நுனியில் கட்டை விரலை வைக்கணும். நல்லா உறிஞ்சினா ஹோஸ் வரைக்கும் பிரச்னை இல்லை, பூஸ்டரைப் பார்க்கணும். எங்க ஹோஸ்ல உறிஞ்சல் பேருக்குத்தான் இருந்தது. அதே ஹோஸை மேனிஃபோல்டு பக்கம் கழற்றி அங்கேயே விரல் வச்சேன். நல்லா உறிஞ்சுச்சு. அப்போ இன்ஜின் சரி. தப்பு நடுவுல. ஹோஸைத் தடவிக்கிட்டே போனா, வளைவின் அடிப்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்துல, விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. இன்ஜின் சூட்டுல ரப்பர் மொறுமொறுன்னு ஆகியிருந்தது.

புது ஹோஸ் 300 ரூபாய்க்குள்ள. அதுக்கு முன்னாடி செலவழிச்சதை அப்பா இங்கே எழுத வேண்டாம்னுட்டார்.

எங்களுக்கு அதோட முடிஞ்சது. உங்களுக்கு முடியலைன்னா இன்னும் இரண்டு. இன்ஜினை இரண்டு நிமிஷம் ஓடவிட்டு ஆஃப் பண்ணி, கொஞ்ச நேரம் கழிச்சு மிதிங்க. முதல் இரண்டு மூணு மிதி மெதுவா இருக்கணும். முதல் மிதியே கல்லுன்னா செக் வால்வு வேக்யூமைப் பிடிச்சு வைக்கலை. பெடலை மிதிச்சுப் பிடிச்சிருக்கும்போது உஸ்ஸுன்னு சத்தம் வந்து இன்ஜின் தடுமாறினா டயஃப்ரம் கிழிஞ்சிருக்கலாம். இதெல்லாம் சரியா இருந்தும் பெடல் இறுகினா, ரப்பர் பிரேக் ஹோஸ் உள்ளே வீங்கி அடைச்சிருக்கா, காலிப்பர் பிஸ்டன் துருப்பிடிச்சு இறுகியிருக்கான்னு பார்க்கணும். டீசல் வண்டின்னா மேனிஃபோல்டுல இருந்து வேக்யூம் எடுக்கிறதில்லை, தனி வேக்யூம் பம்ப் இருக்கும், அதைச் சோதிக்கணும். கழற்றி மாட்டுறதை அனுபவம் உள்ளவர் பக்கத்துல இருக்கும்போது மட்டும் செய்யுங்க.

இன்னொண்ணு. இறக்கத்துல பெட்ரோல் மிச்சம்னு இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு உருட்டுறவங்க நம்ம ஊர்ல நிறைய. இன்ஜின் நின்னா வேக்யூம் வராது. பூஸ்டர்ல மிச்சம் இருக்கிறது இரண்டு மூணு மிதிக்குத்தான். நாலாவது வளைவுல உங்க பெடலும் கல்லாகும். தயவுசெஞ்சு செய்யாதீங்க, வீட்டுல யாராவது செஞ்சா தடுத்துடுங்க.

மிச்ச வாழ்க்கை

மலைச் சோதனை நடந்தபோது பாஸ்கலுக்கு வயசு 25. அதுக்கப்புறம் 14 வருஷம்தான் இருந்தார்.

1651-ல் அப்பா இறந்தார். கன்னியாஸ்திரி ஆக ஆசைப்பட்டிருந்த ஜாக்லீன், அப்பாவுக்காகத்தான் காத்திருந்தாள். ஒரு காலத்தில் அவளை அந்தப் பக்கம் திருப்பியதே பாஸ்கல்தான். இப்போ தனியா விடப்படுவோம் என்று பயந்து தடுத்தார். 1652 ஜனவரியில் ஒரு விடிகாலை அவள் போர் ராயல் மடத்துக்குப் போய்விட்டாள். அவள் பங்குச் சொத்தை மடத்துக்குக் கொடுப்பதிலும் அண்ணன் முரண்டு பிடித்து, பிறகு இறங்கி வந்தார். இவ்வளவு பெரிய மூளைக்கும் வீட்டுல நம்மை மாதிரிதான் சண்டை.

1654-ல், பாதியில் நின்ற சூதாட்டத்தில் பந்தயப் பணத்தை எப்படிப் பிரிப்பது என்ற கேள்வியை வைத்து அவரும் ஃபெர்மாவும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். நேரில் சந்திக்காமலே நிகழ்தகவுக் கணிதத்துக்கு அடித்தளம் போட்டார்கள். அதே வருஷம் நவம்பர் 23 இரவு அவருக்கு ஆழமான ஒரு ஆன்மிக அனுபவம் வந்தது. அதை ஒரு தாளில் குறித்து, கோட்டின் உள் துணியில் தைத்து வைத்துக்கொண்டார். அவர் இறந்த பிறகுதான் அது கண்ணில் பட்டது. பிறகு பெரும்பாலும் மதம், தத்துவம், ஏழைகள். 1656-57-ல் புனைபெயரில் அவர் எழுதிய 18 விவாதக் கடிதங்கள் பிரெஞ்சு உரைநடைக்கே ஒரு திருப்பம் என்பார்கள். 1658-ல் பல் வலியில் தூக்கம் வராமல், வலியை மறக்க சைக்ளாய்டு வளைவைப் பற்றி யோசித்துப் புதிய முடிவுகளோடு எழுந்தார்.

1661-ல் ஜாக்லீன் இறந்தாள். அடுத்த வருஷம் அவர் செய்த கடைசிப் பெரிய வேலை என்ன தெரியுமா? டவுன் பஸ். நண்பர் ரொவானே பிரபுவோடு சேர்ந்து, குறித்த வழியில், குறித்த நேரத்துக்கு, ஆள் இல்லாவிட்டாலும் கிளம்பும் குதிரை வண்டிகளை 1662 மார்ச் 18 அன்று பாரிஸில் ஓடவிட்டார். எங்கே ஏறினாலும் ஐந்து சூ. தன் பங்கு வருமானத்திலிருந்து முன்பணம் வாங்கிப் பஞ்சத்தில் தவித்த ப்ளுவா பகுதி ஏழைகளுக்கு அனுப்ப அவர் முயன்றார், கூட்டாளிகள் ஒத்துக்கொள்ளவில்லை. சிப்பாய்களும் வேலைக்காரர்களும் ஏறக் கூடாது என்று பாரிஸ் நீதிமன்றம் போட்ட தடை கடைசியில் அந்த வண்டிகளுக்கே பாதகமாகி, பிறகு நின்றுபோயின.

அந்தக் கோடையில், அவர் வீட்டில் தங்க வைத்திருந்த ஒரு ஏழைக் குடும்பத்தின் பிள்ளைக்கு அம்மை போட்டது. குழந்தையை இடம் மாற்றினால் ஆபத்து என்று, உடம்பு முடியாத பாஸ்கல் தான் வெளியேறி அக்கா ஜில்பெர்த் வீட்டுக்குப் போனார். அங்கேயே 1662 ஆகஸ்ட் 19 அன்று இறந்தார். வயசு 39.

1971-ல் அழுத்தத்தின் அலகுக்கு அவர் பெயரை வைத்தார்கள். லேப்ல கேஜைப் பார்த்து ரீடிங் எழுதும்போது அது ஒரு சின்ன எழுத்து, அவ்வளவுதான் எனக்கு. இப்போ கொஞ்சம் வேற மாதிரி இருக்கு. எப்பவும் உடம்பு வலியோட இருந்த ஒருத்தர், தன்னால ஏற முடியாத மலைக்கு மச்சானை அனுப்பிட்டு, பாதரசம் இறங்குச்சா இல்லையான்னு பாரிஸ்ல காத்துட்டு இருந்தது ஞாபகம் வருது.

போன வாரம் திரும்ப ஏற்காடு போனோம். இறங்கும்போது ஒவ்வொரு வளைவுலயும் அப்பா கால் எப்படி அமுங்குதுன்னு பின் சீட்டுல இருந்து எட்டி எட்டிப் பார்த்துட்டே வந்தேன். ஒழுங்கா அமுங்குச்சு. உங்க வீட்டு வண்டி பத்து வருஷத்துக்கு மேல பழசா? இந்த ஞாயித்துக்கிழமை அந்த முதல் சோதனையை மட்டும் செஞ்சு பாருங்க. ஒரு நிமிஷம் கூட ஆகாது.